கேபிளை நிறுத்திவிடலாமா?

நமது அங்கத்தினர்களின் வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி எழுந்துகொண்டிருக்கிறது. மாதம் பிறந்தால் கேபிளுக்குக் கட்டணம். அதன் பின்னாலேயே வீட்டிலுள்ள ஒவ்வொரு கைப்பேசிக்கும் ரீசார்ஜ். அந்தக் கைப்பேசியிலேயே சினிமாவும் தொடரும் கிரிக்கெட்டும் வருகின்றன. அப்படியிருக்கையில் கேபிள் எதற்கு என்று வளர்ந்த பிள்ளைகள் கேட்கின்றனர். பெற்றோர்களுக்கு உடனே விடை கூற இயலவில்லை. சில வீடுகளில் பெட்டியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டனர். வேறு சில வீடுகளில் இரண்டுக்கும் பணம் கட்டிக்கொண்டு, இரண்டையும் குறை கூறிக்கொண்டு காலந்தள்ளுகின்றனர். கூலியும் விளைச்சலும் ஒரே சீராக வராத குடும்பங்களுக்கு, மாதந்தோறும் தவறாமல் போகும் எந்தத் தொகையும் சிறு தொகையாகாது. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி தொடங்கப்பெற்றது. நிலையம் ஒன்று, அலைவரிசை ஒன்று, மாலையில் சில மணி நேர நிகழ்ச்சி என்பதே நெடுங்காலம் நிலைமை. அந்நாளில் 'வயலும் வாழ்வும்' பார்த்துப் பழகிய உழவர்கள் நம்மிடையே இன்றும் உளர். 1990-களின் தொடக்கத்தில் தெருவுக்குத் தெரு கம்பி இழுக்கப்பட்டு, கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. தோன்றியது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேபிள் நடத்துவோர் தலைமை அஞ்சல் நிலையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 2006 செப்டம்பரில் மாநில அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கிய பின், பெட்டியில்லாத வீடு அரிதாயிற்று. பெட்டி இலவசமாக வந்தது. மாதக் கட்டணம் அதன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. மூத்த அங்கத்தினர்கள் இன்றும் அந்த எழுபது ரூபாயையே மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதைக் கேட்கிறோம். அந்தக் காலம் கடந்துவிட்டது. டிராய் எனப்படும் ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய விதிகள் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, இணைப்புக்கு ஒரு தொகை, கட்டண அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை என்று கணக்குப் பிரிந்தது. இணைப்புத் தொகைக்கு உச்சவரம்பு 130 ரூபாய். 18 சதவீத வரி சேர்ந்தால் 153 ரூபாய் 40 காசு. அத்தொகைக்கு முதலில் 100 அலைவரிசைகளும், 2020 முதல் 200 அலைவரிசைகளும் என்று வைத்தனர். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையும் ஆணையம் நீக்கிவிட்டது. ஆதலால் அடுத்த ஊர்க்காரர் கட்டும் தொகையை வைத்து நம் வீட்டுக் கட்டணத்தை நியாயமா, அநியாயமா என்று தீர்மானிக்க முடியாது. நமது ரசீதை எடுத்துப் பார்த்து, அதில் இணைப்புத் தொகை எவ்வளவு, தொகுப்புகளின் விலை எவ்வளவு என்று அறிந்துகொள்ள வேண்டும். யாரும் பார்க்காத மொழிகளின் அலைவரிசைகளும், விளையாட்டே பார்க்காத வீட்டில் விளையாட்டுத் தொகுப்பும் சேர்ந்திருப்பது சாதாரணம். அவற்றை நீக்கச் சொல்லிக் கேட்பதற்குச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு. கேட்பவர்தாம் குறைவு.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஓ.டி.டி. என்று பத்திரிகைகள் எழுதுவது, இணையத்தின் வழியாக நாம் வேண்டும்போது வேண்டிய நிகழ்ச்சியைத் தருவிக்கும் ஏற்பாடு. இதில் முதலில் கவனிக்க வேண்டியது, கேபிளில் ஒரே கம்பியில் வந்தவை இங்கே பல கடைகளாகப் பிரிந்திருப்பது. சன் டி.வி.யின் தொடர்கள் வேண்டுமானால் சன் நெக்ஸ்ட், விஜய் டி.வி.யின் தொடர்கள் வேண்டுமானால் ஜியோஹாட்ஸ்டார். ஜீ தமிழுக்கு ஜீ5. புதுப் படங்களுக்கோ நெட்ஃப்ளிக்ஸ், அமேசான் பிரைம் என்று ஆளுக்கொரு வாயில். மாமியார் ஓர் அலைவரிசையின் தொடரையும், மருமகள் மற்றோர் அலைவரிசையின் தொடரையும் பார்க்கும் குடும்பத்தில் கேபிளை நிறுத்தினால், ஒரு கட்டணத்தின் இடத்தில் இரண்டு வந்து நிற்கும். அதற்குப் பின் மகன் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவான்.

அறிவிக்கப்படும் விலையையும் நுணுகிப் படிக்க வேண்டும். 2021 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் தன் கட்டணத்தைக் குறைத்து 149 ரூபாய் என்று அறிவித்தபோது பலர் மகிழ்ந்தனர். அந்த 149 ரூபாய்த் திட்டம் கைப்பேசியிலும் டேப்லட்டிலும் மட்டுமே செல்லும். தொலைக்காட்சிப் பெட்டியில் பார்ப்பதற்கு அப்போது 199 ரூபாய்த் திட்டத்தை எடுக்க வேண்டியிருந்தது. அமேசான் பிரைமில் சந்தா கட்டியவர்களுக்கும் 2025 ஜூன் முதல் படங்களுக்கிடையே விளம்பரங்கள் வருகின்றன. அவை வேண்டாமென்றால் தனியாக ஒரு தொகை கேட்கின்றனர். ஐ.பி.எல். கிரிக்கெட்டின் கதை இதைவிடத் தெளிவானது. 2023-லும் 2024-லும் ஜியோசினிமா அப்பந்தயங்களைக் கட்டணமின்றிக் காட்டியது. ஊரெல்லாம் கைப்பேசியில் பார்க்கப் பழகிற்று. 2025 பிப்ரவரியில் அது ஹாட்ஸ்டாருடன் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆயிற்று. அவ்வாண்டுப் பந்தயத்தை முழுமையாகப் பார்க்கச் சந்தா வேண்டியதாயிற்று. முதல் மூட்டை உரத்தை இனாமாகக் கொடுத்துப் பழக்கும் வியாபாரிகளை அறிந்த நம் உழவர்களுக்கு இந்த முறை புதிதன்று.

சந்தாவோடு செலவு முடிவதில்லை. படம் வருவதற்கு டேட்டா வேண்டும். ஒரு மணி நேரம் சாதாரணத் தெளிவில் பார்த்தால் முக்கால் முதல் ஒரு ஜி.பி. வரை செலவாகும். எச்.டி. எனப்படும் உயர்ந்த தெளிவில் பார்த்தால் மணிக்கு 3 ஜி.பி. வரையும் போகும். நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் ரீசார்ஜ் வைத்திருப்பவர் எச்.டி.யில் ஒரு தொடரின் இரு பகுதிகளைப் பார்ப்பதற்குள் அன்றைய அளவு தீர்ந்துவிடலாம். அதே கைப்பேசியில்தான் மறுநாள் காலை நூல் விலை கேட்கவும், வாங்கியவர் பணம் அனுப்பினாரா என்று பார்க்கவும் வேண்டும். 2024 ஜூலையில் தனியார் கைப்பேசி நிறுவனங்கள் மூன்றும் கட்டணங்களை உயர்த்தின என்பதும் நினைவிலிருக்க வேண்டும். ஆகவே கைப்பேசி டேட்டாவை நம்பிக் கேபிளை நிறுத்துவது, எமது அபிப்பிராயத்தில், கணக்குக்கு ஒவ்வாத காரியம். வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கி வைஃபை போட்டுக்கொண்டவர்களின் நிலைமை வேறு. பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்காகவோ, சேலை மாதிரிகளைப் படமெடுத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் தொழிலுக்காகவோ அந்த இணைப்பு எப்படியும் வேண்டியிருந்தால், அதன் செலவைப் பொழுதுபோக்கின் தலையில் ஏற்றத் தேவையில்லை. அத்தகைய இணைப்புகளில் ஓரிரு ஓ.டி.டி. சந்தாக்களைச் சேர்த்தே தருவதும் உண்டு. அந்த வீடுகளில் கேபிளை நிறுத்துவதைப் பற்றி யோசிப்பதில் பொருள் இருக்கிறது.

தறியும் வயலும்

செலவுக் கணக்கு பாதிதான். பார்ப்பவர்கள் யார், எந்த நிலையில் பார்க்கிறார்கள் என்பது மறு பாதி. நகரத்துப் பத்திரிகைகளில் இது பற்றி எழுதுவோர் இந்தப் பாதியைக் கவனிப்பதில்லை.

குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளிக்கு இரு கைகளும் இரு கால்களும் வேலையில் இருக்கின்றன. பக்கத்து அறையிலோ எதிர்ச் சுவரிலோ ஓடும் தொலைக்காட்சியை அவர் பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகம். ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் அம்மையார் இடையிடையே நிமிர்ந்து பார்த்து, திரையில் நடப்பதை அவருக்குச் சொல்லுவார். காலையில் ஒரு தடவை போட்டுவிட்டால் கேபிள் அலைவரிசை தானாக ஓடிக்கொண்டிருக்கும். செய்தி முடிந்து பாட்டு, பாட்டு முடிந்து தொடர். ஓ.டி.டி. அப்படியன்று. ஒன்று முடிந்ததும் அடுத்தது எது என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். சில பகுதிகள் தொடர்ந்து ஓடினால், இன்னும் பார்க்கிறீர்களா என்று கேட்டு நின்றுவிடும். அதற்கு விடை சொல்ல நெசவாளி நாடாவை நிறுத்திவிட்டு எழ வேண்டும். வேலையின் கூடவே ஓடும் துணையாகத் தொலைக்காட்சியை வைத்திருப்பவர்களுக்குக் கேபிளின் இந்தக் குணம் பெரிய சௌகரியம்.

உழவரின் பொழுது வேறு விதமானது. பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் அவர் கிணற்றடியில் இருக்கிறார். எட்டரை மணி நிகழ்ச்சி அவருக்கு எட்டரை மணிக்குப் பயன்படாது. அவர் வீடு திரும்பும் நேரத்தில், விட்ட இடத்திலிருந்து பார்க்கக் கூடிய ஓ.டி.டி. அவருக்குப் பொருத்தமானது; கிணற்றடியிலேயே கைப்பேசியில் பார்ப்பவர்களும் உண்டு. ஆயினும் ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். வானிலை, சந்தை விலை முதலியவற்றுக்காக ஓ.டி.டி. வேண்டுமென்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்புகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாநில அரசு 2018-இல் வெளியிட்ட உழவன் செயலிக்கும் சந்தா கிடையாது. அதில் விலை நிலவரம் பார்க்கச் சிறிதளவு டேட்டாவே போதும்.

மழையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறோம். கூரைமேல் சிறு தட்டு வைத்துப் பெறும் டி.டி.எச். இணைப்பில் பெருமழை பெய்யும்போது படம் சிதறி நின்றுவிடும். வானிலைச் செய்தி மிகவும் வேண்டிய நேரமும் அதுவே. கேபிள் நிலையத்துப் பெரிய தட்டுகள் வாங்கும் அலைகளை மழை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் கேபிளுக்கு வழியிலுள்ள பெருக்கிகளுக்கெல்லாம் மின்சாரம் வேண்டும். நம் தெருவில் மின்சாரம் இருந்து, பெருக்கி நிற்கும் தெருவில் இல்லையென்றால் திரை இருண்டுவிடும். ஃபைபருக்கும் வீட்டில் ஒரு பெட்டி மின்சாரத்தில் ஓட வேண்டும். எல்லாம் நின்ற பின்னும் கொஞ்ச நேரம் உயிரோடிருப்பது கைப்பேசி ஒன்றே.

கேட்கப்படாத ஒருவர்

ஒரு வீட்டில் கேபிளை நிறுத்துவதென்று முடிவு செய்பவர் பெரும்பாலும் கையில் கைப்பேசி வைத்திருப்பவர். அவருக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. நஷ்டம் அடைபவர், கைப்பேசி இல்லாமல் அல்லது பேசுவதற்கு மட்டும் ஒரு சிறு கைப்பேசி வைத்துக்கொண்டு, பகலெல்லாம் வீட்டில் இருக்கும் முதியவர். எல்லாரும் தறிக்கும் வயலுக்கும் பள்ளிக்கும் போன பின் அவருக்குத் துணையாக இருப்பது அந்தப் பெட்டி. ரிமோட்டில் எந்த எண்ணை அழுத்தினால் எந்த அலைவரிசை என்று அவருக்கு மனப்பாடம். புதிய ஏற்பாட்டில் முதலில் வைஃபை இணைய வேண்டும். பின்னர்ச் செயலியைத் திறக்க வேண்டும். திரையில் தோன்றும் பல பெயர்களில் தமக்குரியதை அழுத்த வேண்டும். இடையில் ஆங்கிலத்தில் ஏதேனும் கேட்டால் விடை தெரியாமல் விழிக்க வேண்டும். மாலையில் பேரன் வந்து போட்டுத் தரும்வரை திரை கறுப்பாகவே இருக்கும். மாதம் இருநூறு, முந்நூறு ரூபாய் மிச்சம் என்று எழுதும்போது, அந்த முதியவரின் பகற்பொழுது கணக்கில் ஏறுவதே இல்லை. முடிவெடுக்கும் முன் அவரைக் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும், உங்கள் இஷ்டம், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்லுவார். அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டு பெட்டியைக் கழற்றிவிடலாகாது; ஒரு வாரம் அவர் எதை, எப்போது பார்க்கிறார் என்று கவனித்துவிட்டு முடிவு செய்வதே முறை.

குழந்தைகள் விஷயத்திலும் ஒரு வேற்றுமை உண்டு. கூடத்தில் ஓடுவதை எல்லாரும் பார்க்கிறார்கள். தகாதது வந்தால் பாட்டியே நிறுத்திவிடுவார். கைப்பேசியில் ஓடுவதை ஒருவரே பார்க்கிறார். 2021 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசின் விதிகள், ஓ.டி.டி. நிகழ்ச்சிகளை 7, 13, 16 என்னும் வயது வரம்புகளுடன் வகைப்படுத்தவும், பெற்றோர் பூட்டு அமைக்க வசதி செய்யவும் கட்டளையிட்டுள்ளன. பூட்டு இருக்கிறது, அதைப் போடும் வேலை நம்முடையது. சந்தா எடுக்கும் அன்றே கடவு எண் அமைத்து, அதைப் பிள்ளைகளின் பிறந்த ஆண்டாக வைக்காமல் இருப்பது நலம்.

கட்டணம் வாங்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெருக் கேபிள்காரருக்கு நம்மைத் தெரியும். இந்த வாரம் கூலிப் பட்டுவாடா ஆகவில்லை, அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்றால் பல ஊர்களில் அவர் தலையாட்டிவிட்டுப் போவார். கம்பி அறுந்தால் ஏணியோடு வருபவரும் அவரே. அவர் தாமதிப்பதும் உண்டு, எரிந்து விழுவதும் உண்டு. ஓ.டி.டி.யில் சந்தா தீர்ந்த கணத்தில் திரை நிற்கும். பலர் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதியையும் கொடுத்துவிடுகின்றனர். பண்டிகைக்கு ஒரு படம் பார்ப்பதற்காக எடுத்த சந்தா, ஆடி மாதத்தில் வேலையில்லாத நாளிலும் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டேயிருக்கும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு அனுப்ப வேண்டுமென்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த அறிவிப்பு நூறு விளம்பரச் செய்திகளுக்கு நடுவே வந்து சேரும். ஆதலால் அனுமதி கொடாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுவதே நல்லது. கொடுத்துவிட்டவர்கள் தமது பணம் செலுத்தும் செயலிக்குள் சென்று அதை நீக்கிவிடலாம்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கையில், முதியவர் பகலில் பார்க்கும் வீட்டிலும், தறிக்குப் பக்கத்தில் தொலைக்காட்சி ஓடும் வீட்டிலும் கேபிளை வைத்துக்கொண்டு, அதன் தொகுப்புகளைக் குறைத்துக்கொள்வதே உத்தமம் என்று கருதுகிறோம். எல்லாரும் பகலில் வெளியே போய், இரவில் தத்தம் நேரத்தில் திரும்பி, வேறு காரணத்துக்காக ஃபைபரும் வைத்திருக்கும் வீட்டில் கேபிளை நிறுத்தலாம். அங்கும் ஒரு சமயத்தில் ஒரே ஓ.டி.டி. போதும், ஒன்றில் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டு, அடுத்த மாதம் மற்றொன்றை எடுப்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை. இரண்டுக்கும் வசதியில்லாதவர்களுக்கு தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் உண்டு. 2004 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சேவைக்கு மாதக் கட்டணமே இல்லை. தட்டும் பெட்டியும் வாங்கும் செலவு ஒரு தடவைதான். முன்பு பொதிகை என்றிருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டி.டி. தமிழ் அதில் வரும். இந்தி அலைவரிசைகள் மிகுதி. நமது வீடுகளில் விரும்பிப் பார்க்கும் தமிழ்க் கட்டண அலைவரிசைகளை அதில் எதிர்பார்க்கலாகாது. பிரசார் பாரதி 2024 நவம்பரில் வெளியிட்ட வேவ்ஸ் என்னும் செயலியிலும் தூர்தர்ஷன் அலைவரிசைகள் கிடைக்கின்றன. கிரிக்கெட் பிரியர்களுக்கு ஒரு செய்தி: இணையத்தில் வரும் பந்தயம் கேபிளைவிடச் சில வினாடிகள் பின்தங்கியே வரும். அடுத்த வீட்டில் கேபிள் இருந்தால், விக்கெட் விழுந்த ஆரவாரம் நமக்கு முன்னதாகவே காதில் விழுந்துவிடும்.

முடிவு செய்யுமுன் இரண்டு மாதம் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒரு பழைய நோட்டில் யார் எதை எத்தனை நேரம் பார்த்தார் என்று குறித்து வருவது பயன் தரும். ஒரு மாதம் போதாது. பள்ளி விடுமுறையோ பண்டிகையோ குறுக்கிட்டால் கணக்குப் பிசகிவிடும். நோட்டை எழுதும் பொறுப்பைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் தவறாமல் எழுதிவிடும், தன் நேரத்தை மட்டும் சற்றுக் குறைத்து.

நிறுத்துவதென்று தீர்மானித்தவர்கள், பணம் கட்டாமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்று இருந்துவிடக் கூடாது. கேபிள் நடத்துபவரிடம் எழுத்தில் தெரிவித்து, அதுவரையுள்ள பாக்கியைத் தீர்க்க வேண்டும். அரசு கேபிளின் செட்டாப் பெட்டி இலவசமாக வழங்கப்பட்டது; அது சந்தாதாரரின் சொத்தன்று, ரிமோட்டையும் இணைப்புக் கம்பிகளையும் சேர்த்துத் திருப்பித் தரவேண்டியது. தனியார் இணைப்பாயின், பெட்டிக்கு முன்பணம் கட்டியிருக்கிறோமா, விலைக்கே வாங்கினோமா என்பதைப் பழைய ரசீதில் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பணமாயின் திருப்பிக் கேட்கலாம். பெட்டியின் மேல் ஒட்டியுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணும் தேதியும் எழுதிய ரசீதைக் கையொப்பத்துடன் வாங்கிய பிறகே பெட்டியைக் கொடுக்கவும்.